மடைக்குக் கேட்ட மனு

பாறசாலைக்கு மேற்கே எங்கள் ஏலாவில், அதாவது வயல்வெளியில், ஒரு குளம் உண்டு. அதன் கரையும் மடையும் ஒழுங்காக இருந்தால் கீழேயுள்ள வயல்களில் வருடத்துக்கு இரண்டு பூ நெல் விளையும். அந்த வருடம் மடைக்கல் பெயர்ந்து கிடந்தது. கல்லும் சிமெண்டும் அரசாங்கம் தரும், உழைப்பை ஊர்க்காரர்கள் தரவேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. சித்திரை முடிவதற்குள் மனு போகவேண்டும்.

மடைக்கு நேர் கீழே வயல் வைத்திருந்தவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். வேறு நிலம் கிடையாது. எழுத்தும் தெரியாது. நான் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியன். ஊர் மனுக்களெல்லாம் என் மேஜையில்தான் பிறக்கும்.

"சாறே, மழைக்கு முன்னே மடை கெட்டியில்லெங்கி என் வயலு மண்ணு மூடிப் போவும். மலையாளத்துல எழுதணுமாம். நல்லா எழுதி விடணும்."

நன்றாகவே எழுதினேன். அவர் வீடு வீடாக நடந்து கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வந்தார்.

மலையாள அரசாங்கத்தின் கீழிருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நாங்கள் போராடிய வருடங்கள் அவை. நான் கூட்டங்களில் பேசுகிறவன். மனுவை உறையில் இடும்போது ஒரு யோசனை வந்தது. இந்தத் திட்டத்தில் வேலை முடிந்ததும் அரசாங்கத்தின் பெயரை மலையாளத்தில் வெட்டிய கல் ஒன்றை நடுவார்கள். எல்லையை முடிவு செய்ய வரும் கமிஷன் எங்கள் ஏலாவில் இறங்கி, அந்தக் கல்லைப் பார்த்து, இவர்கள் இங்கே சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று எழுதிவிடும் என்று நினைத்தேன். நான் கல்லூரியில் தர்க்கம் படித்தவன். எல்லை மாறியபின் தமிழிலேயே எழுதி இதைவிட நல்ல மடை வாங்கலாம் என்றும் தோன்றியது.

மனுவை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் ஓர் உறையைப் பெட்டியில் போட்டேன். அதில் இருந்தது கமிஷனுக்கு நான் எழுதிய வேறு மனு. தபால்தலையை ஒட்டியவர் அவர். நாக்கால் நனைத்து, மூலை பிரியாமல் அழுத்தினார்.

பதில் வரவில்லை. ஐப்பசி மழையில் கரை உடைந்து அவர் வயலில் முழங்கால் அளவுக்கு மணல் ஏறியது. அடுத்த கூட்டத்தில், தமிழன் கேட்டதால் மடை தரவில்லை என்று மேடையில் பேசினேன். அவரை எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றார். கைதட்டினார்கள்.

பிறகு எல்லை எங்களுக்குக் கிழக்கே விழுந்தது; நாங்கள் மலையாளப் பக்கமே நின்றுபோனோம். அவர் மணலில் மரச்சீனிக் கிழங்கு நட்டார். விதை, உரம், பம்புசெட் என்று எத்தனையோ திட்டங்கள் வந்தன. பக்கத்து வயல்காரர்களுக்கெல்லாம் நான் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன், கிடைத்தது. அவர் மட்டும் எதற்கும் மனுப் போடவில்லை. "ஒரு தடவை கேட்டாச்சு" என்பார்.

போன மாதம் அந்த மனுவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"சாறு எதுக்கு இப்பிடிப் பேசுதிய? நானில்லா ஸ்டாம்பு ஒட்டினேன். பெட்டியில விழுந்த சத்தமும் கேட்டேனாக்கும்."

"அது வேற மனு அண்ணே. இதாக்கும் நிங்க கைநாட்டு வச்சது."

காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "நகலு எடுத்து வச்சிருக்கிய. படிச்ச ஆளுவ படிச்ச ஆளுவதான்." உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டார். "எலே, சாறுக்கு ஒரு சாயா கொண்டா. வயசாயிப்போச்சு, நெனவு பெசகுது."

மறுபடியும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அன்னைக்கு அத்தன ஆளுக்கு முன்னால எனக்காகப் பேசினது நிங்க ஒருத்தராக்கும். நிங்களப் பத்தி நிங்களே குத்தம் சொன்னாலும் நான் கேட்டுட்டு இருக்கமாட்டேன்."

மனுவை மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சாட்சிக்கு இருக்கட்டும் என்றார்.

குளக்கரை வரைக்கும் கூட வந்தார். மடைக்கல் இன்னும் பெயர்ந்தே கிடக்கிறது. கம்பால் அதைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியளா, அவனுவ செஞ்ச வேலை."

"ஆமா" என்றேன்.