ஒன்பது பிரதிகளையும் வைத்திருந்தவர்

ஷமீம் அக்கா மறைந்த செய்தி எனக்குப் பல மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது. எங்கள் காலணித் தொழிற்சாலையில் வேலைக்குள் நுழையும்போதே செல்பேசியை வாசலில் கொடுத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து வாங்கிப் பார்த்தபோது அவருடைய கணவர் சலீம் பாயிடமிருந்து நான்கு அழைப்புகள். காலையில் நெஞ்சுவலி, மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். ஆம்பூரில் அவர்கள் வீட்டை நான் அடைந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். “உனக்குதான் மொதல்ல போன் அடிச்சேன்” என்றார் பாய்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஷமீம் அக்காவின் டைப்பிங், ஜெராக்ஸ் கடை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூட வினாத்தாள், மாதா கோயில் நோட்டீஸ், கூழ் ஊற்றும் திருவிழா அழைப்பு எல்லாம் அவர் கையால் அச்சேறியவை. ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருப்பதைக் கண்டுபிடித்து, அவசரமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். “நான் டைப் அடிக்கிறவ மட்டும் இல்ல, படிக்கிறவளும்தான்” என்பார்.

மேல்விஷாரத்தில் பிறந்து ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். தொழிற்சாலைச் சாப்பாட்டு இடைவேளையில் நான் கையால் எழுதியவற்றை டைப் அடிக்க அவரிடம்தான் கொடுப்பேன். அப்படி அவர் அடித்துக் கொடுத்த ஒரு சிறுகதைக்குப் பத்திரிகைப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. தெருமுனையில் நண்பர்கள் பேனர் வைத்தார்கள். வேலூரில் ஒரு கூட்டத்தில், தோல் தொழிலாளர்களின் பெருங்கதையை இந்த இளைஞர் எழுதப்போகிறார் என்று ஒருவர் அறிவித்தே விட்டார். நானும் அதை நம்பினேன். பாலாறு வறண்ட வரலாற்றிலிருந்து தொடங்கி நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போய், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“நல்லா இல்ல தம்பி. யாரோ மேடையில நின்னு பேசற மாதிரி இருக்குது. அடிக்கறப்பவே தூக்கம் வந்துச்சு.”

தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்து மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு வரியும் எழுதவில்லை. பரிசு பெற்ற கதையே ஏதோ தற்செயலாக வந்தது என்று தோன்றியது. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, ரயில்வே வேலைத் தேர்வுக்கான புத்தகம் ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். அதைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தபோது எனக்கு வருத்தமில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. எழுத்தாளனாக இருக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷமீம் அக்கா ரயிலேறி ஜோலார்பேட்டைக்கு வந்து, வழி விசாரித்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

“நாலு பேர் எதிர்ல சொன்னது என் தப்பு. அதுக்குதான் வந்தேன். சொன்ன விஷயம் தப்பு இல்ல.”

பிறகு பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். பரிசு பெற்ற கதையின் ஒன்பது பிரதிகள். ஒவ்வொரு முறை நான் திருத்திக் கொடுத்ததையும் அழிக்காமல் கணினியில் வைத்திருந்து, வரிசையாக அச்செடுத்து வந்திருந்தார். முதல் பிரதியைப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வரியிலேயே வானம் கண்ணீர் வடித்தது. அதை எழுதியவன் நான்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சிரித்துவிட்டேன்.

“எனக்கு எவ்ளோ பேஜாரா இருந்திருக்கும்? ஒம்போதாவதுலதான் கதையே வந்துச்சு. இப்ப மட்டும் ஒரே தடவையில வரணும்னா எப்படி?” என்றார்.

எல்லோரும் காத்திருக்கிறார்களே, அவர்கள் எதிர்பார்ப்பதை என்னால் எழுத முடியவில்லை என்றேன்.

“யாரு காத்துனு இருக்கறாங்க? என் கடைக்கு வந்து யாரும் கேக்கலயே.”

சமையலறையில் அம்மா சிரிப்பது கேட்டது. அம்மா டீ கொண்டுவந்தார். பேச்சு அக்கம்பக்கம் திரும்பியது. ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டில் ஒரு அண்ணனும் தம்பியும் பதினோரு வருடம் ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே கூரையின்கீழ் இருந்ததை அம்மா சொல்ல ஆரம்பித்தார். அக்கா டீயை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போக வேண்டிய ரயிலைத் தவறவிட்டார். அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டு வந்து, அன்று மாலையே அந்த அண்ணன் தம்பியை எழுதத் தொடங்கினேன்.

அது சின்ன நாவலாக முடிய இரண்டு வருடம் ஆனது. எத்தனை முறை அடித்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த இடத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டு மேலே படித்தார் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்வார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வெளியீட்டு விழாவில் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். மைக்கைப் பிடித்து, “எழுபத்திரண்டாம் பக்கத்துல ஒரு எழுத்துப் பிழை இருக்குது. அது பிரஸ்காரங்க தப்பு, என்னுது இல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அரங்கமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்பா இன்னும் அந்தத் தேர்வுப் புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்துவிடவில்லை. அதன்மேல் என் நாவலை வைத்திருக்கிறார்.

அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது இது: கசப்பான ஒன்றை ஒருவரிடம் சொல்ல நேர்ந்தால், சொன்னதோடு விட்டுவிடாமல் அவர் வீடு வரைக்கும் போய்விடுவது.

சென்ற மாதம் எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் மூன்று கவிதைகளைக் காட்டினார். மூன்றும் சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவருடைய கணவர் நாற்காலி எடுத்துப் போட்டார். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்புவதற்காக நான் எழுந்தபோது, இருங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உள்ளே போய், நான்காவது கவிதையை எடுத்துவந்தார்.