ஆறு விரலும் ஒரு பி ஷிப்ட் கையெழுத்தும்

ஒரகடம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் நான் ஓவிய டீச்சர். எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் என்னுடையவை. டைம்டேபிளில் அப்படித்தான் போட்டிருக்கும். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கதவருகே வந்து நின்று, "ஒரே ஒரு பீரியடு டீச்சர்" என்பார். அப்படிப் போன பீரியடு எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்கோ மூக்குமேல் கோபம். இருந்தாலும் சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை. அதனால் என் வகுப்பே கம்பெனி பாஷைதான் பேசும். அழித்து வரைந்தால் ரீவொர்க். தூக்கிப் போட்டால் ஸ்க்ராப். மணி அடிப்பதற்குள் முடிக்காதவன், "ஓ.டி. குடுங்க மிஸ்" என்பான். வரைவதுகூட கம்பெனி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அதன் உட்பக்கத்தில்தான். சார்ட் வாங்கித் தருகிறேன் என்றாலும் கேட்பதில்லை, அட்டையில்தான் அழுத்தி வரைய முடியுமாம்.

இந்தக் கூட்டத்தில் ஒருத்தியைக் கண்டால் எல்லோருக்கும் பயம். அவள் அம்மாவுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வேலை. லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கீறலோ நெளிசலோ இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். மிச்சம் மீதி ஸ்டிக்கர் மகளின் ஜாமெட்ரி பாக்ஸுக்கு வந்துவிடும். மகள் வகுப்பைச் சுற்றி வருவாள். மூக்கு கோணலா, ஒட்டு. ஒரு கை நீளமா, ஒட்டு. நான் போர்டில் வரைந்த மாட்டைக்கூட அவள் விடவில்லை, இடது கொம்பில் ஒன்று ஒட்டிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரிதான், கொம்பு தடிமன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அழித்து வரைந்தேன்.

அவள் அதிகமாக ஒட்டியது தன் படத்தில்தான். நாலு கோடு போடுவாள், உற்றுப் பார்ப்பாள், ஸ்டிக்கர் ஒட்டுவாள், அட்டை குப்பைக்குப் போய்விடும். அந்த வருஷம் ஒரு படத்தைக்கூட அவள் முடித்ததில்லை. அது எனக்கு முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

எட்டாம் வகுப்பை சென்னையில் ஒரு மியூசியத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று எச்.எம். அம்மாவிடம் போய் நின்றேன். அவர் டைம்டேபிளை மேசையில் விரித்து, வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் பென்சிலால் 'கணக்கு' என்று எழுதினார்.

"போய்ட்டு வாங்க டீச்சர். ஒரே ஒரு புகார் வந்தாலும் இதையே பேனாவால எழுதிடுவேன்."

மியூசியத்தில் முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் தங்கக் கம்பிகளாக இருந்தார்கள். கற்சிலைகள் இருந்த வராந்தாவில் உட்காரவைத்து, ஆளுக்கொரு சிலையை வரையச் சொன்னேன். அப்பாடா என்று நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் காவலாளியின் சத்தம் கேட்டது.

"யாரும்மா இதுக்கு டீச்சரு? வந்து பாரு, சிலை மேலயே ஸ்டிக்கர் ஒட்டிகினு கீது!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்தில் ஒரு பெண் சிலை. மூக்கில்லை, வலது கை முழங்கையோடு போயிருந்தது, காது ஓரம் உடைந்திருந்தது, இன்னும் அங்கங்கே சில்லு பெயர்ந்திருந்தது. உடைந்த ஒவ்வொரு இடத்திலும் தவறாமல் ஒரு சிவப்பு அம்புக்குறி. பக்கத்தில் அவள், கொஞ்சமும் பதறாமல் நின்றிருந்தாள்.

"ரிஜெக்ட் பீஸ் மிஸ் இது. எட்டு டிஃபெக்ட் கீது. எப்டி மிஸ் உள்ள வுட்டாங்க?"

சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை நினைவு வந்ததும் அது அடங்கிப்போய், வாயில் வந்தபடி திட்டினேன். அதற்குள் காவலாளி ஸ்டிக்கர் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மியூசியத்து அதிகாரி அம்மாவைக் கூட்டிவந்துவிட்டார்.

அந்த அம்மா திட்டவில்லை. ஒவ்வொரு ஸ்டிக்கராக நகத்தால் மெல்ல உரித்துக்கொண்டே, இது எதற்கு, இது எதற்கு என்று அவளிடமே கேட்டார். கடைசி ஸ்டிக்கரையும் எடுத்த பிறகு, "இவ்ளோ குறை இருந்தும் இந்தம்மாவை நாங்க ஏன் வெச்சிருக்கோம்?" என்றார்.

அவள் சிலையை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் எல்லோரையும் மறந்துவிட்ட மாதிரி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்கம்மா கம்பெனில டீவியேஷன்னு ஒண்ணு கீது மேடம். குறை இருக்குன்னு தெரியும். தெரிஞ்சே, பரவால்ல, இது ஓகேன்னு கையெழுத்து போட்டு அனுப்பிடுவாங்க. அந்த மாதிரியா?"

"இந்த வராந்தா பூரா அந்த மாதிரிதான்மா" என்று அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கடிதம் ஒன்று வேண்டும், அதில் எச்.எம். கையெழுத்தும் பெற்றோர் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்றார். போயே போச்சு என் வெள்ளிக்கிழமை.

மற்ற பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வந்தபோது அவள் அதே சிலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். ஒட்டுவதற்குக் கையில் ஸ்டிக்கர் இல்லை. பஸ் கிளம்பும்வரை தலை நிமிரவில்லை. பாதம்வரை வரைந்து முடித்து, அட்டையை என்னிடம் நீட்டினாள். திரும்பும் வழியெல்லாம் எனக்குத் துக்கமும் சந்தோஷமும் மாறி மாறி வந்தன. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை எச்.எம். அறையில் நின்றேன். கடிதத்தையும் படத்தையும் மேசையில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எச்.எம். பேனாவைத் திறந்தபோது அந்தப் பெண்ணின் அம்மா உள்ளே வந்தார். மதியம் பி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டுமென்று யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். மகள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இத உங்க பொண்ணு முழுசா முடிச்சிருக்காம்மா" என்று படத்தை அவரிடம் நகர்த்தினார் எச்.எம். "கணக்குப் பேப்பர்லகூட பாதிய அடிச்சிட்டுக் குடுக்கறவ. எப்படி இருக்கு, நீங்களே பாருங்க."

அம்மா அட்டையை எடுத்து ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குத் தெரியும். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நானும்தான்.

"இடது தோள் எறங்கிக் கீது மேடம். காலுல ஆறு விரல் போட்டுகீது."

மகளின் தலை தொங்கிவிட்டது. அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போடக் கை நீட்டினாள். அம்மா அதை உயரத் தூக்கிக்கொண்டார்.

"ரீவொர்க்லாம் வேணாம். இப்டியே இர்க்கட்டும்."

எச்.எம். பேனாவை அவரிடம் கொடுத்து, "கையெழுத்து போடுங்கம்மா" என்றார். அவர் அட்டையை மேசையில் வைத்து, கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டு, பழக்கதோஷத்தில் அதனடியில் 'பி ஷிப்ட்' என்றும் எழுதினார். கடிதம் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"அம்மா, கையெழுத்து லெட்டர்ல!" என்று நான் பதற, எச்.எம். அம்மா சிரித்துவிட்டார். பதினோரு வருஷத்தில் அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்து, டைம்டேபிளில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் இருந்த 'கணக்கை'த் தேய்த்து அழித்தார். "அடுத்த தடவை ஸ்டிக்கரைப் பள்ளிக்கூட கேட்லயே வாங்கி வெச்சிடுங்க டீச்சர்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை படத்தை வகுப்புச் சுவரில் மாட்டினேன். பையன்கள் கூடி நின்று பாதத்தைக் காட்டி, ஆறு விரல், ஆறு விரல் என்று கத்தினார்கள். இவள் அழப்போகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவள் நிதானமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மூலையில் இருந்த கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எங்கம்மா கையெழுத்து போட்ட பீஸ இதுவரைக்கும் யாரும் திருப்பி அனுப்புனதில்ல" என்றாள்.