ஒற்றை மஞ்சள் மட்கார்டு

என் மருமகளுக்கு நான் எழுபதாயிரம் கடன்பட்டிருந்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேங்க்குக்கு இல்லை, வட்டிக்காரனுக்கு இல்லை, என் வீட்டுக்கு வாழ வந்த பெண்ணுக்கு. முழங்கால் ஆபரேஷனுக்காக வாங்கியது. அதற்கு முன்னால் என் ஆயுசில் நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் டயர் உருட்டப் போனவன் நான். அதே தெருவில் பிறகு சொந்த ஒர்க்‌ஷாப் வைத்தேன், வீடு கட்டினேன். இந்த வட்டாரத்தில் என் கை படாத டிராக்டர் கிடையாது. ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் சோம்பேறி என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இரவல் பெருமையா, என் சொந்தப் பெருமை.

மருமகள் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் வேலை பார்க்கிறாள். அந்தப் பணம் எம்பிராய்டரி மெஷின் வாங்க அவள் சேர்த்து வைத்தது. "கால் முதல்ல, மெஷின் அப்புறம் மாமா" என்று ஒரே வார்த்தையில் எடுத்துக் கொடுத்தாள். இப்போது கடையை மூடுகிற தையல்காரர் ஒருவர் தன் மெஷினை அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த மாதக் கடைசிவரை காத்திருப்பார், அதற்குப் பிறகு வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவார். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சமையலறையில் தன் மாமியாரிடம் சொன்னாள். சிலிண்டர் சத்தம் கேட்கிற காதுக்குச் சமையலறை எம்மாத்திரம்?

"மாமாகிட்ட சொல்லாதீங்க அத்தை. இப்பத்தான் கால் தேறிட்டு வருது."

"ஏன் சொல்லக் கூடாது? வாங்கறப்போ கால் வலிச்சுது. குடுக்கறப்போ கை வலிக்குதாமா?" என்றாள் என் சம்சாரம், எனக்குக் கேட்கட்டும் என்றே.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரி முன்னால் நின்றேன். என்னிடம் விற்கிற மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

உள்ளங்கையில் அடங்கும் டிராக்டர்கள், இருபது இருக்கும். அசல் வண்டியை அப்படியே சுருக்கிச் செய்தவை, சக்கரம் உருளும், ஸ்டியரிங் திரும்பும். ஒர்க்‌ஷாப்பை மூடின பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தேன். "பேரப்பிள்ளை விளையாடற சாமானை வச்சுத் தாத்தா விளையாடறார்" என்று சம்சாரம் தெருவெல்லாம் சொன்னாள். சொல்லட்டும். ஆனால் நான் வாங்கினதை வாங்கினபடி வைக்கிற ஆள் இல்லை. கம்பெனிக்காரன் எல்லா வண்டியையும் ஒரே அச்சில்தான் வார்க்கிறான். ஓட்டுகிறவன் கையில்தான் அது தனி ஆளாகிறது. அதனால் ஒவ்வொரு பொம்மையையும் நான் ரிப்பேர் பார்த்த ஒரு வண்டியாக மாற்றினேன். நெளிந்த பானெட்டுக்கு நெளிவு, உடைந்த லைட்டுக்கு ஓட்டை, சீட்டுக்குப் பதில் மடித்த சாக்கு. அசல் கிரீஸ், அசல் கரி. மருமகளின் ஊசிகளை எடுத்துத்தான் இந்த நுணுக்க வேலையெல்லாம். பொம்மைகள் வந்த அட்டைப்பெட்டிகளில் நட்டு, வாஷர் போட்டு வைத்தேன்.

ஸ்டேஷன் பக்கத்து ஹாலில் பொம்மை வண்டி விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் கூடும் சந்தை நடந்தது. காலை வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்க முடியாது என்று சம்சாரத்தைக் கூட்டிப்போனேன். அதுதான் நல்லதாகப் போயிற்று, பின்னால் சொல்கிறேன். அங்கே பெரிய வியாபாரி ஒருவர், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டே பேசுவார். என் முதல் வண்டியை எடுத்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், செத்த எலியைத் தூக்கின மாதிரி.

"பெரியவரே, யாரு இதுக்குப் பெயின்ட் அடிச்சது?"

"நான்தான். எப்படி?"

"போச்சு. பெட்டி இருக்கா?"

"இருக்கு. வாஷர் போட்டு வச்சிருக்கேன்."

அவர் லென்ஸைக் கழற்றிவிட்டார். மரியாதையான மனிதர்தான், சிரிக்கவில்லை. "கம்பெனி பெயின்ட்டும் பெட்டியும் இருந்திருந்தா இதுல பாதிய வித்தே நீங்க ஒரு நல்ல தொகை பார்த்திருக்கலாம். இப்ப என் கணக்குல இது எல்லாமே செத்த வண்டி. வேணும்னா மொத்தமா சில்லறைக்கு எடுத்துக்கறேன்."

ஐம்பது வருஷமாக மெஷினுக்கு உயிர் கொடுத்தவனைப் பார்த்துச் செத்த வண்டி என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கால்வலி மறந்துபோனது. சம்சாரம் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "கத்தாதீங்க. தையல்காரர் கேட்டது பணம், உங்க கோபம் இல்ல" என்றாள் மெதுவாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மெஷின் கைநழுவினால் மருமகள் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். கேட்க மாட்டாள் என்பதுதான் தாங்காது.

பொம்மைகளைத் திருப்பிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருந்துக் கடைக்காரம்மா திரும்பினார்.

"ஐயா, கொஞ்சம் இருங்க. இது எங்க வண்டி."

"இல்லம்மா, இது பொம்மை" என்றாள் சம்சாரம்.

"எங்க அப்பா வண்டிம்மா! சிவப்பு வண்டி, இடது பக்கம் மட்டும் மஞ்சள் மட்கார்டு."

"உங்க அப்பாவா!" என்றேன். எனக்கு ஆள் ஞாபகம் வந்துவிட்டது. வாய்க்காலில் வண்டியைச் சாய்த்துவிட்டு, நனைந்த கோழி மாதிரி என் வாசலில் வந்து நின்ற மனிதர். மட்கார்டு அப்பளமாகியிருந்தது. பழைய மஞ்சள் வண்டி ஒன்றிலிருந்து கழற்றி மாட்டிவிட்டேன். சிவப்பு அடிக்கட்டுமா என்றேன். "அந்தக் காசுக்கு டீசல் போட்டா ஒரு வயல் உழுதுடுவேன், போய்யா" என்று ஏறிப் போய்விட்டார்.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண் மட்டும் நிறைந்திருந்தது. "சைலன்சர் மேல ஒரு தகர மூடி இருக்குமே?" என்றார்.

இருக்காமல் எங்கே போகும்? மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க நான் போட்ட மூடி. வண்டி ஓடும்போது டக் டக்கென்று அடித்துக்கொண்டே வரும். பொம்மையிலும் பொட்டளவு தகரம் வைத்திருந்தேன். நகத்தால் சுண்டினேன். டக் என்றது.

"இந்தச் சத்தம் தெரு முனையில கேட்டதும் அம்மா அடுப்பப் பத்த வைப்பாங்க" என்றார் அவர். பிறகு பையைத் திறந்தார். "என்ன விலை ஐயா?"

எனக்கு இன்ஜின் இறக்க விலை தெரியும், கிளட்ச் மாற்ற விலை தெரியும். இதற்கு நான் விலை போட்டதே இல்லை.

"மூவாயிரம்" என்றாள் சம்சாரம், கண்ணிமைக்காமல். அவளைக் கூட்டிவந்தது நல்லது என்று சொன்னேனே, இதற்குத்தான்.

அந்த அம்மா பேரம் பேசவில்லை. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டார், அவர் தன் மச்சானுக்குப் போட்டார். சாயங்காலத்துக்குள் இன்னும் நாலைந்து வண்டிகள் தத்தம் வீடு போய்ச் சேர்ந்தன. லென்ஸ்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தன் மேசையில் ஓர் ஓரத்தை ஒதுக்கித் தந்தார். "என் கணக்கு வேற, இவங்க கணக்கு வேற போலிருக்கு. என்கிட்ட அச்சு உடைஞ்சது, பெட்டி இல்லாததுன்னு ஒரு மூட்டை கிடக்கு. சும்மா எடுத்துட்டுப் போங்க."

அடுத்த வாரத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. போட்டோ கொண்டுவந்தவர்கள் குறைவு. வாயால்தான் சொன்னார்கள். "சித்தப்பா வண்டில ஹார்ன் மாடு கத்தற மாதிரி இருக்கும்", "மாமா ஸ்டியரிங்ல சைக்கிள் ட்யூப் சுத்தியிருப்பார்." பாதி வண்டிகள் எனக்கே தெரிந்தவை. சொன்னவர்களைத் திருத்தினேன், சண்டை போட்டேன், செய்து கொடுத்தேன். "மாமா, என் ஊசியெல்லாம் எங்க போகுதுன்னு இப்பத்தான் புரியுது" என்று மருமகள் ஒரு கட்டு புது ஊசியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மாதக் கடைசி நெருங்கியபோது எண்ணிப் பார்த்தேன். ஒரே ஒரு வண்டி விலை குறைந்தது. அலமாரியில் ஒரே ஒரு வண்டிதான் மிச்சம், நீலம். நான் சொந்தமாக வாங்கி ஓட்டிய முதல் டிராக்டரின் பொம்மை. அதை விற்க மனசில்லை, இருந்தாலும் வாங்குகிறவர் யாராவது உண்டா என்று லென்ஸ்காரரைக் கேட்கலாமென்று கையில் எடுத்தேன்.

"அதை வைங்க" என்றாள் சம்சாரம். தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு இந்த வண்டிலதான் வந்தேன். மட்கார்டுல உக்கார வச்சு முதுகெலும்பை முறிச்சீங்க. இதை நான் வாங்கிக்கறேன். வீட்டு ஆளுன்னு குறைப்பீங்களா?"

"கூலி குறையாது."

"திருந்த மாட்டீங்க" என்று முழுசாக எடுத்து வைத்தாள். "இனிமே இது என் வண்டி. தொடணும்னா கேட்டுட்டுத் தொடுங்க."

முன்னறையில் மருமகள் பாதித் தையலில் இருந்தாள். விரலெல்லாம் சாக்கட்டித் தூள்.

"மேசையில வைங்க மாமா, முடிச்சுட்டு எடுத்துக்கறேன்."

"கையிலதானே குடுத்தே? கையை நீட்டு."

அவள் துணியை ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். நான் ஒவ்வொரு நோட்டாக, சத்தமாக, தெருவுக்குக் கேட்கிற மாதிரி எண்ணிக் கடைசி நோட்டு வரைக்கும் அந்தக் கையில் வைத்தேன்.