பாம்புக்குப் பெண் முகம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூன் தாமுவேயில், ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலின் பின்கட்டில் தமிழ்ச் சிறுமிகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து வந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. பர்மியப் பிள்ளைகள் டீச்சரைக் கூப்பிடுவதுபோல அவர்களும் என்னை ‘சயாமா’ என்பார்கள்.

ஒரு ஞாயிறு கோயில் உபதேசியார் இரண்டு வண்ணப் படங்களோடு வகுப்புக்குள் வந்தார். இத்தாலியில் ஏதோ ஒரு கோயிலின் உட்கூரையில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டிய படைப்புக் காட்சிகளாம். எங்கள் பிரெஞ்சு சாமியாருக்குக் கப்பலில் வந்த அச்சுப் பிரதிகள். ஒன்றில் ஆதாம் தரையில் சாய்ந்தபடி கையை நீட்டுகிறான். காற்றில் வரும் சர்வேசுரனின் விரல் அவன் விரலைத் தொடப்போகிறது. மற்றதில் மரத்தைச் சுற்றிய பாம்பு. அதற்கு இடுப்புக்கு மேல் பெண் உடம்பு.

உபதேசியார் பிரம்பால் பாம்பின் முகத்தைத் தட்டினார். “பாத்தீங்களா? பாவத்துக்கு என்ன மூஞ்சி? பொம்பள மூஞ்சி! அதான் பொட்டப்புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும்.”

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி முகத்தைப் பாவாடையில் மறைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அது வரைஞ்சவர் குடுத்த மூஞ்சி, ஐயா. வேதத்துல வெறும் பாம்புன்னுதான் இருக்கு” என்றேன். முதல் படத்தை எடுத்துப் பிள்ளைகள் பக்கம் திருப்பினேன். சர்வேசுரனின் இடக்கை அணைப்புக்குள் ஒரு பெண் ஆதாமையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவ ஏவாள்னு எனக்குத் தோணுது. ஆதாம் எந்திரிக்கிறதுக்கு முன்னாலயே சர்வேசுரன் கைக்குள்ள இருக்கா. இத ஏன் நீங்க காட்டல?”

அவர் படங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு பூசையில் எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மறுநாளே அவரிடமிருந்து ஆள் வந்தது.

“கேட்டுட்டு வந்துரு. மாப்பிள்ளை பாக்குற நேரம்” என்றாள் அம்மா.

நான் நேரே சாமியாரிடம் போனேன். “பாம்புக்குப் பொம்பள மூஞ்சின்னு வேதத்துல எங்க இருக்கு, சாமி?”

அவர் தாடியைத் தடவினார். “இல்லை. அந்தக் காலத்து ஓவியர் பலர் அப்படி வரைந்தார்கள். ஆனாலும் சமாதானத்துக்காக நீ மன்னிப்புக் கேள், மகளே.”

“நான் சொன்னது சரின்னா எதுக்கு சாமி மன்னிப்பு?”



ஞாயிறன்று உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்றேன். “நான் பொய் சொல்லல. மன்னிப்புக் கேக்க மாட்டேன்.” என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை மெல்ல விட்டது.

வகுப்பு என்னிடமிருந்து போயிற்று, திரும்பக் கிடைக்கவேயில்லை. பேச்சில் இருந்த சம்பந்தமும் முறிந்தது. மூன்று சிறுமிகள் மட்டும் ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து படித்தார்கள். ஆறு மாதம் கழித்து, பொண்ணு வாயாடியாமே என்று கல்யாணத் தரகர் இழுத்தபோது அம்மா சொன்னாள்: “ஆமா, வாயாடிதான். அது புடிச்சவனா இருந்தா வரச்சொல்லுங்க.”