ஆவியாய்ப் போன நான்கு மாதம்

கண்ணாடிச் சன்னலைத் துடைத்து, வாயால் ஊதி, மறுபடியும் துடைக்கிறார் அக்கா. எரிபொருள் சோதனைக்கூடத்தில் தலைவர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். தலைவர் அவரைவிட ஆறு வயது மூத்தவர் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பெட்ரோலையும் எரிசாராயத்தையும் இரும்புக் கலத்தில் கலந்து, அழுத்திப் பிடித்துச் சூடேற்றுவார். கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டியும் கலவை கொதிக்க வழியில்லாமல் கிடக்கும். ஊசித்துளை வழியே காற்றில்லாத அறைக்குள் பீய்ச்சினால், உள்ளே குமிழிகள் வெடித்துத் தூள்தூளாகச் சிதறும். அதைச் சன்னல் வழியே படமெடுத்துத் துளிகளை அளப்பதுதான் வேலை. "அமுக்கி வச்சதைத் திறந்தா அப்படித்தான். எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தாலும் இதே கதைதான்" என்பார், சிரிக்காமல்.

இருபத்திரண்டு வருடம் நின்று ஓய்ந்த கால்கள். மதியத்துக்குமேல் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். நாற்காலி வாங்கிக் கொடுத்தோம். அதில் கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன.

போன வாரம் அந்த முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. வெளியூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். திங்கட்கிழமை முதல் ஒரு மாத விடுப்பு.

வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கழுவிவைக்கப் புறப்பட்டவர், காற்றுப்போக்கிக் குழாயின் முனைப் புட்டியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். நான்கு மாதத்துக்கு முன் புதுக் கலத்தோடு வந்த புட்டி அது, யாரும் தொட்டதில்லை. காற்று மட்டும் போகும் வழியில் இரண்டு விரற்கடை எரிபொருள் தேங்கியிருந்தது. கலத்துக் காற்றை வெளியேற்ற, அந்தக் குழாயின் திருகைச் சூடேற்றும் முன்பே திறந்து மூடியிருக்க வேண்டும். பழைய கலத்தில் வெறும் டீசல். எப்போது திறந்தாலும் பாதகமில்லை. அந்தக் கைப்பழக்கத்தில் சூடேறிய பிறகே திறந்துவந்திருக்கிறார். லேசான பங்கு ஆவியாய்ப் போக, கனத்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான்கு மாதமாக நாங்கள் அளந்தது ஏட்டில் எழுதிய கலவையையே அல்ல.

புட்டியைக் கொட்டியிருந்தால் கதை முடிந்தது. ஏன் கொட்டவில்லை என்று எனக்குக் கோபமே வந்தது. அக்கா அதைக் கொண்டுபோய்த் தலைவர் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட அக்காவை விட்டால் ஆளில்லை.

"துளி அளவுல பெரிய வித்தியாசம் இருக்காதுக்கா. நீங்க ஊருக்குக் கிளம்புங்க" என்றார் கடைசியில்.

"இருக்கும் சார்."

சோதனை ஏட்டை விரித்து, முதல் பக்கத்தின் மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்குக் கோடு போட்டார். எச்சில் தொட்டுப் புரட்டி அடுத்த பக்கத்துக்கும் போட்டார். கைப்பேசி அடித்தது, மகள். தோளில் இடுக்கிக்கொண்டு, "உன் மாமியாரைக் கொஞ்சம் கூட இருக்கச் சொல்லும்மா. அம்மா வர நாளாகும்" என்றார். கோடு நேராகவே இறங்கியது.