சிக்கார்ட்டின் ஐந்தாம் சரணம்

சிக்கார்ட் தோல் பதனிடுகிறவனின் மூத்த மகன். தோலை அடித்த கையாலேயே பிள்ளைகளையும் அடித்தான் அந்த அப்பன். தம்பி தோனாத்துக்கு விழவேண்டிய அடியில் பாதியைச் சிக்கார்ட்தான் வாங்கினான். இடது காது அப்படித்தான் செவிடானது. பதினைந்து வயதில் தம்பியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தவன், மிச்சமிருந்த ஒரு காதை வைத்துக்கொண்டு பிடில் கற்றான்.

நான் அவனோடு குழல் ஊதியவன். பெயர் பெய்ரோட். எங்கள் நாட்டில் பாட்டுக் கட்டுகிறவர்கள் குதிரையும் கோட்டையும் உள்ள கனவான்கள். அதைச் சுமந்துபோய் மண்டபம் மண்டபமாகப் பாடுவது எங்களைப் போன்ற செருப்பறுந்தவர்கள். பாட்டுப் பிடித்தால் கனவானுக்குப் புகழ், பிடிக்காவிட்டால் எங்கள் மண்டைக்கு எலும்புத்துண்டு. சிக்கார்ட்டின் மூக்கு இரண்டு முறை உடைந்திருந்தது. ஒருமுறை குடிகார வீரன் ஒருவன் அவன் தொடையில் கத்தியைச் செருகி, "இப்பப் பாடு, சோகமா வரும்" என்றான். பாடினான். சோகமாகத்தான் வந்தது.

ஒரு குளிர்காலத்தில் சுங்கச்சாவடிக் காவலர்கள் அவன் காலை உடைத்துப் போட்டார்கள். மலைக்கு அப்பால் ஒரு மடத்தில் நான்கு மாதம் கிடந்தான். நான் தனியாகப் பசியோடு அலைந்து, இசார்ன் என்ற கனவானிடம் போய்ச் சேர்ந்தேன். அவருக்கும் பள்ளத்தாக்கை ஆண்ட ஆமெல் பிரபுவுக்கும் தீராத பகை. ஆமெல் ஒரு சண்டையில் ஓடிப்போய் மாவரைக்கும் ஆலையில் மாவுத் தொட்டிக்குள் ஒளிந்தானாம். வெளியே வந்தபோது வறுக்கப்போகும் மீனைப் போல இருந்தானாம். இதை இசார்ன் வசைப்பாட்டாகக் கட்டினார்.

வசைப்பாட்டுக்குப் புது மெட்டுப் போடுவது எங்கள் வழக்கமில்லை. எல்லோருக்கும் தெரிந்த காதல் பாட்டின் மெட்டை எடுத்து அதே அளவில் வசையை ஏற்றுவார்கள். அப்போதுதான் ஊர் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இசார்ன் தன் காதல் பாட்டுகளிலேயே மிக அழகான ஒன்றின் மெட்டை எடுத்தார். நான் அதை ஆமெலின் பள்ளத்தாக்கில் ஏழு ஊரில் கொண்டுபோய்ப் பாடி ரொட்டி தின்றேன். வயிறு நிறைந்தது, மறைக்க மாட்டேன்.

வசந்தத்தில் சிக்கார்ட்டை அழைத்துவரப் போன அன்றுதான் செய்தி வந்தது. ஆமெலின் காட்டில் தோனாத் மான் வேட்டையாடிப் பிடிபட்டிருந்தான். ஈஸ்டர் முடிந்ததும் அவன் கண்களைத் தோண்டப்போகிறார்கள்.

"நான் போய்ப் பாடிக் கேக்கறேன்டா. அந்த ஆளுக்குப் பாட்டுன்னா உசுரு" என்றான் சிக்கார்ட்.

"எந்தப் பாட்டுண்ணே?"

"வாசலுக்கு வெளியே சொல்லலாமா? தொண்டை கட்டிடும்."

பாடப்போகிற பாட்டை மண்டபத்துக்குள் நுழையும் முன் சொன்னால் குரல் போய்விடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புவது. அவன் கெஞ்சப்போகிற ஆளை நான்தான் ஏழு ஊரில் நாறடித்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாட்டா இல்லை உலகத்தில், இசார்னின் அந்தக் காதல் பாட்டையா எடுக்கப்போகிறான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கோழை நான்.

ஈஸ்டர் மதியம், கோட்டை மண்டபம். ஆமெல் ஆட்டுத்தொடையைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் குழலோடு பின்னால் நிற்க, சிக்கார்ட் மண்டியிட்டான்.

"பிரபு, ஒரு பாட்டு முழுசாப் பாடறேன். என் தம்பியைக் கண்ணோட குடுங்க."

"முழுசாப் பாடி முடி, தர்றேன். என் அப்பன் கல்லறை மேல சத்தியம். நடுவுல நிறுத்தினா உன் கண்ணும் போகும்."

சிக்கார்ட் வில்லை இழுத்தான். நான்கே சுரம். குழல் என் கையிலிருந்து நழுவியது. அதே மெட்டு.

அவன் பாடியது பனியில் பூத்த ரோஜாவை. மண்டபத்தில் ஒவ்வொருவன் காதிலும் விழுந்தது மாவுத் தொட்டி. கடைசி மேசையில் ஒரு வீரன் சிரித்துவிட்டான். ஆமெல் எழுந்து போய்க் கையிலிருந்த எலும்பாலேயே அவன் வாயில் அடித்தான். பற்கள் தட்டில் விழுந்தன. பிறகு சிக்கார்ட் பக்கம் திரும்பினான்.

சிக்கார்ட் என் முகத்தைப் பார்த்தான். என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும் யாரால் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வில் நிற்கவில்லை. நிறுத்தினால் தோனாத்துக்குக் கண் இல்லை.

"நிறுத்த வைங்கடா அவனை" என்றான் ஆமெல்.

ஈட்டிக் கட்டையால் முதுகில் அடித்தார்கள். இரண்டாம் சரணம். ஆறாத காலில் அடித்தார்கள். எலும்பு மறுபடி முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தரையில் கிடந்தபடி மூன்றாம் சரணம். வாயில் உதைத்தார்கள். இரத்தத்தைத் துப்பிவிட்டு நான்காவது. ஐந்தாம் சரணத்தில் ரோஜா என்ற சொல்லே புரியவில்லை. ஆனாலும் பாடி முடித்தான். நான் அசையவில்லை.

ஆமெல் இருக்கையில் உட்கார்ந்தான். "சத்தியம் சத்தியம்தான். தம்பியை விடு" என்றான். "இவன் நாக்கு பாடினது காதல். நாக்கு மேல குத்தமில்ல. மெட்டை வாசிச்ச விரல்தானே என்னைத் திட்டுச்சு."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்பைத்தான் அன்று ஒடித்தார்கள். இறைச்சி வெட்டும் பலகையைக் கொண்டுவந்து, அவன் இடக்கையின் நான்கு விரல்களையும் ஒரே வெட்டில் எடுத்தார்கள்.

சிக்கார்ட்டைச் சுமந்துவந்து கோட்டைக்கு வெளியே உட்காரவைத்தேன். தோனாத் கண்ணோடு வந்தான். அண்ணன் கையைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு அழுதான். அழுதுகொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தான்.

"உனக்கெப்படி இது?" என்றேன்.

"காவக்காரனுங்க ராப்பகலாப் பாடுவானுங்க. மாவுத் தொட்டிப் பாட்டு. அதைக் கேட்டுச் சிரிச்சுத்தான் பைத்தியம் பிடிக்காம இருந்தேன். எந்தப் புண்ணியவான் கொண்டுவந்தானோ."

சிக்கார்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்" என்றேன்.

வலக்கையால் பிடிலின் கழுத்தைப் பிடித்து என் முகத்தில் ஓங்கி அடித்தான். பிடில் சிதறியது. என் முன்பற்கள் நான்கும் போயின. அதற்குப் பிறகு என்னால் குழல் ஊத முடியவில்லை.

"சொல்லியிருந்தா வேற பாட்டுப் பாடியிருப்பேனேடா" என்றான். பிறகு ஒரு கையைத் தம்பி தோள்மேலும் மற்றதை என் தோள்மேலும் போட்டான், உடைந்த காலோடு நடக்க அவனுக்கு வேறு வழியில்லை. மூன்று பேரும் இறங்கிப் போனோம்.