மகள் அனுப்பிய மூன்று ஆலிவ் எண்ணெய்கள்

மனைவி மௌத்தாகிப் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவிதான். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவன் நான். ஒரே மகள் ஸ்பெயினில், ஆலிவ் எண்ணெய் ஆலை ஒன்றில் எண்ணெயை ருசிபார்த்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கிறாள். மருமகனுக்கு வேறு ஊரில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். போன் போட்டாலே, "இங்க வந்து எங்கூட இருங்க அத்தா" என்பதுதான் அவள் பல்லவி. "நல்லெண்ணெய் கிடைக்காத ஊர்ல எனக்கு என்னம்மா வேலை?" என்று நானும் வாயை அடைத்துவிடுவேன்.

அவள் லேசுப்பட்டவளா, எனக்குப் பிறந்தவளாச்சே! ஊருக்கு வந்த ஒருவரிடம் மூன்று பாட்டில் கொடுத்து அனுப்பிவிட்டாள். மூன்றும் வேறுவேறு ரகக் காயில் எடுத்த எண்ணெய். "ஒண்ணாவது உங்களுக்குப் பிடிக்கும். பிடிச்சா வந்துரணும்" என்று உத்தரவு வேறு. எங்கள் வீடுகளில் ஜைத்தூன் எண்ணெய் என்கிற இந்த ஆலிவ் எண்ணெய் கைக்குழந்தைக்குத் தேய்ப்பது, முட்டிவலிக்குத் தடவுவது. அதைப் போய்த் தின்னச் சொல்கிறாளே என்று எரிச்சலாக வந்தது.

வீடியோ காலில் அவள் பார்க்க, ஒவ்வொன்றாகக் கரண்டியில் ஊற்றிக் குடித்தேன். முதலாவது அர்பெக்கினா என்ற ரகம். குட்டிக் காயாம். வழவழவென்று இறங்கியது, லேசாக வாழைப்பழ வாசனை. "சப்புன்னு இருக்கு" என்றேன். இரண்டாவது ஓஹிப்லாங்கா. நாக்கில் இனிப்பாகத் தொடங்கி, முடியும்போது மிளகுபோலச் சுருக்கென்றது. அது தேவலாம். மூன்றாவது பிக்குவால். வாயில் வைத்ததுமே கசப்பு. விழுங்கியதும் தொண்டை கமறி இருமல் பிடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அட என்னம்மா இது, எண்ணெய் காறிப்போச்சு! உன்னை எவனோ நல்லா ஏமாத்திட்டான்" என்று கத்தினேன். தொண்டையைப் பிடித்தால் பழைய கடலை எண்ணெய் என்று தூரக் கொட்டுகிற ஊர்க்காரன் வேறு என்ன சொல்வேன்?

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இல்லத்தா, இப்பத்தான் ஆட்டுனது. இந்த ரகத்தோட குணமே அதுதான். இருமல் வந்தா எண்ணெய் நல்லாருக்குன்னு அர்த்தம். அந்தக் கசப்புதான் அதைச் சீக்கிரம் கெடவிடாது. அர்பெக்கினா சாது, ஆனா ரொம்ப நாள் தாங்காது." ஒரே ரகமானாலும் பச்சையாகப் பறித்தால் காரம் தூக்கும், பழுக்கவிட்டுப் பறித்தால் அடங்கிவிடும் என்றும் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! போனை வைத்ததும் வீடு முன்பைவிட வெறிச்சென்று கிடந்தது.

மறுநாள் காலையில் இட்லி அவித்தேன். நல்லெண்ணெய் தீர்ந்திருந்தது, கடைக்குப் போகச் சோம்பல். இட்லிப்பொடியில் பிக்குவாலை ஊற்றிக் குழைத்தேன். அடடா! மிளகாயோடு சேர்ந்து அந்தக் கசப்புக்கு ஒரு தனி ருசி வந்துவிட்டது. ஆட்டுச் சந்தைக்குப் போகும்போது அய்யலூர்ப் பக்கம் தக்காளி இலையைக் கசக்கினால் கையில் ஒட்டுமே, அந்தப் பச்சை வாசனை. ஒரு இட்லிகூட மிச்சம் வைக்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் சொல்ல? அவள் ஊரில் விடியட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, போன் போட்டேன்.

"அந்தக் கசப்பு எண்ணெய் பொடிக்கு அம்புட்டு நல்லாருக்கும்மா."

"நெசமாவா? அப்ப டிக்கெட் போட்டுறவா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இத்தனை நாள் சொல்லிவந்த சாக்கு போய்விட்டது, இனி உள்ளதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"இல்லம்மா, நான் வரல. சாப்பாடு ஒரு காரணமே இல்ல. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு உங்க அம்மாவ அடக்கின கபர்கிட்ட சித்த நேரம் நின்னுட்டு வாரேன். அவளைத் தனியா விட்டுட்டு வர மனசு வரமாட்டேங்குது."

அவள் மெதுவாகக் கேட்டாள்:

"உங்களுக்காகத்தான் கூப்பிடுறேன்னு நெனச்சீங்களாத்தா? அம்மாவுக்கு நீங்க இருக்கீங்க. இங்க எனக்கு யாரு இருக்கா?"